பெயர் ஒன்று, வேர் வேறு

சித்தூர், திருப்பதி சாலையோரங்களில் ஆடு மேயும் ஒரு சின்னச் செடிதான் ஆயுர்வேதத்தின் பெரிய மருந்துகளுக்கு ஆதாரம். கடையில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைப்பது அந்தச் செடிதானா என்பதில்தான் சிக்கல்.

வடகிழக்குப் பருவமழை இரண்டு சுற்று பெய்து ஓய்ந்தால் போதும், திருப்பதியிலிருந்து சந்திரகிரி செல்லும் சாலையின் இருபுறமும் பச்சை பிடித்துவிடும். மைல்கல்லின் காலடியில், இடிந்த மதிலின் இடுக்கில், உழாமல் விட்ட நிலக்கடலைக் காட்டின் வரப்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி எழுந்து நிற்கும். இலை இதய வடிவம். விரலால் தடவினால் வெல்வெட் துணியைத் தொட்டது போல் இருக்கும். இலைக் கக்கத்தில் வெளிர் மஞ்சளில் சின்னஞ்சிறு பூ. சில மணி நேரமே விரிந்திருந்து, பிறகு கசக்கிப் போட்ட காகிதம் போலச் சுருண்டுகொள்ளும். அலிபிரியிலிருந்து படியேறும் பக்தர்கள் கூட்டத்தில் அதைத் திரும்பிப் பார்ப்பவர் யாரும் இல்லை. ஆடுகள் மட்டும் பார்க்கின்றன.

தாவரவியலார் இதை சிடா கார்டிஃபோலியா என்கிறார்கள். தமிழில் நிலத்துத்தி. தெலுங்கில் சிருபெண்ட. சமஸ்கிருதத்தில் பலா, அதாவது பலம் தருவது. (பலாப்பழத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முக்கனிகளில் ஒன்றான பலா வேறு குடும்பத்து மரம்.) க்ஷீரபலா தைலம், பலாரிஷ்டம், பலா அஸ்வகந்தாதி தைலம், தன்வந்தரம் தைலம் என்று மூட்டுவலிக்காரர் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கும் புட்டிகளுக்கெல்லாம் இதன் வேர்தான் ஆதாரம். பக்கவாதம் வந்தவருக்குத் தேய்ப்பது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உடம்பு பிடித்துவிடுவது, நரம்பு தளர்ந்த முதியவருக்குச் சொட்டுக் கணக்கில் உள்ளே கொடுப்பது என்று நூற்றாண்டுகளாக வைத்தியர்கள் நம்பிவரும் வேர்.

அந்த வேர் கடையில் கிடைக்கிறதா? காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ‘ஜீன்’ என்ற அறிவியல் இதழில் இதற்கு விடை சொன்னார்கள். சிடா கார்டிஃபோலியா என்று சந்தையில் விற்கப்பட்ட சரக்குகளை வாங்கி மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அவற்றில் ஒன்றுகூட சிடா கார்டிஃபோலியா இல்லை.

பாதி இல்லை, முக்கால் இல்லை என்றால் கலப்படம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒன்றுமே இல்லை என்றால் அது வேறு கதை. இந்தக் கதை பெயரில் தொடங்குகிறது. இரண்டு மொழிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சித்தூர்ச் சீமையில் அதை நன்றாகவே பார்க்கலாம்.

சித்தூர் மாவட்டம் உருவானது 1911-ல். அதற்கு முன் அதன் பெரும்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவாரி மாநிலங்கள் வந்து, எல்லைத் தகராறு முற்றி, 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் நகரியிலும் புத்தூரிலும் குப்பத்திலும் ஒரே வீட்டில் இரண்டு மொழி புழங்குவது மாறவில்லை. செடிகளுக்கும் அப்படியே இரண்டிரண்டு பெயர்.

தெலுங்கு பெயர் வைத்த விதம் அழகு. பெண்ட என்றால் வெண்டை. சிருபெண்ட, சின்ன வெண்டை. இதன் மூத்த சகோதரியான துத்திக்குத் தெலுங்கில் துத்துருபெண்ட. தாவரவியல் படிக்காத உழவர்கள் வைத்த இந்தப் பெயர்களில் குடும்ப உறவு சரியாகவே பதிவாகியிருக்கிறது. வெண்டை, பருத்தி, செம்பருத்தி, பூவரசு, ஆந்திரத்துச் சாப்பாட்டில் தவறாத கோங்குரா என்னும் புளிச்சக்கீரை எல்லாமே சிடாவின் சொந்தக்காரர்கள். பூவைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். மகரந்தத் தாள்கள் தனித்தனியே நிற்காமல் ஒரு குழாயாக ஒட்டி, நடுவில் தூண் போல எழுந்து நிற்கும். செம்பருத்தியில் அது நீண்டு தொங்கும். நிலத்துத்தியில் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். தண்டையோ இலையையோ கசக்கினால் வெண்டைக்காய் நறுக்கியது போலக் கொழகொழவென்று வரும். அதுவும் குடும்பச் சொத்து.

துத்தியின் காய் சக்கரம் போல இருக்கும். அதைப் பார்த்த வடஇந்தியருக்குச் சீப்பு ஞாபகம் வந்தது. கங்கி என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கிலும் துவ்வென காயலு, சீப்புக் காய்கள் என்ற பெயர் உண்டு. தமிழருக்கு ஞாபகம் வந்தது சாப்பாடு. பணியாரத் துத்தி என்றார்கள்.

இதுவரை சிக்கல் இல்லை. தமிழில் சிற்றாமுட்டி, பேராமுட்டி என்று தொடங்கும்போதுதான் நிலைமை மோசமாகிறது. சித்த மருத்துவத்தில் வாத நோய்களுக்குச் சிற்றாமுட்டித் தைலம் புகழ் பெற்றது. சிற்றாமுட்டி என்பது பவோனியா ஜெய்லானிகா என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். பேராமுட்டி, பவோனியா ஓடொரேட்டா. இவையும் அதே குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு. இன்னொரு சாராரின் பட்டியல்களில் சிற்றாமுட்டி என்ற பெயர் சிடா கார்டிஃபோலியாவுக்கே போகிறது. வேறு சிலர் அதை சிடா ராம்பிஃபோலியாவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே பெயருக்கு மூன்று சொந்தக்காரர்கள்.

கேரளத்தில் கதை இன்னொரு மாதிரி. அங்கே பலா என்றால் குறுந்தோட்டி. வைத்தியசாலைகள் அந்தப் பெயரில் எடுப்பது இதய இலைச் செடியை அல்ல. சாய்சதுர இலை கொண்ட சிடா ராம்பிஃபோலியாவையும் அதன் நெருங்கிய உறவான சிடா அல்னிஃபோலியாவையும்தான். குறுந்தோட்டிக்கும் வாதமா என்பது மலையாளத்துப் பழமொழி. வாதத்தைத் தீர்க்கிற மருந்துக்கே வாதம் வந்தால் என்ன செய்வது என்ற கிண்டல். மருந்து ஒரு மொழியில் பழமொழியாகும் அளவுக்கு வீட்டில் புழங்கியிருக்கிறது. இலையைக் கசக்கித் தாளியாக்கித் தலைக்குத் தேய்த்துக் குளிப்பது இன்றும் அங்கு வழக்கம்.

ஆயுர்வேத நூல்களோ பலா ஒன்றல்ல, நான்கு என்கின்றன. பலா, அதிபலா, மகாபலா, நாகபலா. இவற்றில் அதிபலா நம் துத்தி என்பதில் அனேகமாக எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். மகாபலாவை சிடா ராம்பிஃபோலியா என்கிறார்கள் பலர். நாகபலா எது என்று கேட்டால் சிலர் தரையோடு படரும் பழம்பாசியைக் காட்டுவார்கள். சிலர் க்ரூவியா என்ற வேறொரு புதரைக் காட்டுவார்கள். நூல் எழுதியவர்கள் செடியைப் பார்த்து எழுதினார்கள். உரை எழுதியவர்கள் சொல்லைப் பார்த்து எழுதினார்கள். இடையில் செடி நழுவிவிட்டது.

செடியைப் படம் வரைந்து பெயரோடு பொருத்தி வைக்கும் முயற்சி பழையதுதான். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹார்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலில் இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு மலையாளப் பெயர்களோடு படங்கள் உண்டு. சேர்த்தலைக்காரரான வைத்தியர் இட்டி அச்சுதன் சொல்லச் சொல்ல டச்சுக்காரர்கள் எழுதிக்கொண்டது அது. ஒட்டுத்துத்திக்குத் தாவரவியலில் உள்ள யூரெனா என்ற பேரினப் பெயரே ஊரென் என்ற மலையாளச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1753-ல் லின்னேயஸ் சிடா கார்டிஃபோலியா என்று பெயரிட்டார். துத்தியையும் அவர் முதலில் சிடா இனத்திலேயேதான் சேர்த்திருந்தார். பிற்பாடுதான் அது அபுட்டிலான் என்று தனிக்குடித்தனம் போனது. பெரியவரே அக்காளையும் தங்கையையும் ஒரே வீட்டில் வைத்தவர் என்றால், மூலிகை பறிக்கிறவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

செடி மண்ணில் நிற்கும்போது அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. நிலத்துத்திக்கு இதய இலை, உடம்பெல்லாம் மென்மயிர். காய் முற்றினால் பத்துத் துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் இரண்டு முட்கொம்புகள். அரிவாள்மணைப் பூண்டு என்னும் சிடா அக்யூட்டாவுக்கு இலை ஈட்டி போல ஒடுங்கியிருக்கும், ஓரம் ரம்பப் பல், தடவினால் வழுவழுப்பு; கிளையில் இலைகள் இருபுறமும் அடுக்கினாற்போல நிற்கும். சிடா ராம்பிஃபோலியாவின் இலை அடிப்பக்கம் ஆப்பு போலக் கூம்பி, மேல்பாதியில் மட்டும் பல் கொண்டிருக்கும். சிடா ஸ்பினோசாவுக்கு இலைக் காம்பின் அடியில் முள் போன்ற ஒரு சின்ன முண்டு. காய் ஐந்தே துண்டு. பழம்பாசி தரையில் படரும். துத்தியோ ஆள் இடுப்பு உயரத்துக்கு வரும். பூ பொன் மஞ்சள், பெரிசு, பிற்பகலுக்கு மேல் விரியும். சிடா காயின் ஒரு துண்டில் ஒரே விதை. துத்திக் காயின் துண்டில் இரண்டு மூன்று.

ஆனால் இவையெல்லாம் இலை, பூ, காய் பற்றிய சேதி. மருந்துக்கு வேண்டியது வேர். பிடுங்கி, மண் தட்டி, துண்டு போட்டு, வெயிலில் உலர்த்திச் சாக்கில் கட்டிவிட்டால் எல்லாச் சிடாவும் ஒன்றே. பழுப்பு நிறத்தில், நார் உரியும் குச்சிகள். செடியின் முகவரி எழுதியிருந்த இலையைக் காட்டிலேயே உதிர்த்துவிட்டு, முகவரி இல்லாத கடிதத்தை மருந்துக் கம்பெனிக்கு அனுப்புகிற வியாபாரம் இது.

எஸ்.ஆர்.எம். ஆய்வாளர்கள் முதலில் 13 வகைச் சிடாக்களைச் செடியாகவே சேகரித்து, ஒவ்வொன்றின் மரபணுக் கையெழுத்தையும் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு சந்தைச் சரக்கை அதோடு ஒப்பிட்டார்கள். கிடைத்த கணக்கு இது: 76 சதவீதம் வேறு சிடா இனங்கள். அதில் அரிவாள்மணைப் பூண்டு மட்டும் 36 சதவீதம். சிடா ஸ்பினோசா 20, சிடா அல்னிஃபோலியா 12. மேலும் இரண்டு சிடா வகைகள் தலா 4. மீதி 24 சதவீதம் சிடாவே இல்லை. துத்தி இனம் 8 சதவீதம் என்பதையாவது பங்காளி வீட்டுச் சரக்கு என்று விட்டுவிடலாம். கொழிஞ்சி இனத்துச் செடியும் மருது, கடுக்காய் இனத்து மரமும் அதில் இருந்ததற்கு எந்த உறவு முறையும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கை அப்படியே மோசடி என்று படிப்பது சரியல்ல. அல்னிஃபோலியாவின் 12 சதவீதத்தை ஒரு கேரள வைத்தியர் பார்த்தால் இதுதானே அசல் குறுந்தோட்டி என்பார்; அவருடைய குருவும் அதைத்தான் பயன்படுத்தினார். இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் பலா என்பதற்கு சிடா கார்டிஃபோலியாவின் வேர் என்று இலக்கணம் வகுத்திருப்பது உண்மை. மரபு அதற்கு முந்தியது. காட்டில் பறிப்பவரின் நிலைமையும் இதில் சேர்கிறது. அவரிடம் பெயரைச் சொல்லி, இத்தனை கிலோ வேண்டும் என்று தரகர் கேட்கிறார். கூலி எடைக்கு. அரிவாள்மணைப் பூண்டு எல்லா ரோட்டோரத்திலும் காடாக மண்டிக் கிடக்கிறது. நிலத்துத்தியைத் தேடி நடக்க வேண்டும். எது சாக்கை நிரப்பும் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஆள் மாறினால் என்ன, எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று கேட்கலாம். அங்கேதான் எபெட்ரின் வருகிறது.

நிலத்துத்தியில் எபெட்ரின் இருப்பதை 1930-லேயே இந்திய வேதியியலார் கண்டு எழுதினார்கள். மூச்சுக்குழலை விரிக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருள் அது. செடியில் இருப்பது கொஞ்சம்தான், விதையில் கூடுதல். அளவோடு நின்றால் அதுவே மருந்து. ஆனால் சந்தையில் அதிகம் கிடைத்த அரிவாள்மணைப் பூண்டில், நிலத்துத்தி வேரில் உள்ளதைப்போல் ஆறு மடங்கு எபெட்ரின் உண்டு என்று அதே 2015 ஆய்வு சுட்டிக்காட்டுகிறது. மேலுக்குத் தேய்க்கும் தைலத்தில் இது பெரிய விஷயமாகாமல் போகலாம். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் பலா சூரணத்தை உள்ளுக்கு எடுத்தால்? வைத்தியர் கணக்குப் போட்டது ஒரு செடிக்கு, வயிற்றுக்குள் போவது வேறு செடி. தவறு நடந்தால் பழி மருத்துவ முறையின் மீது விழும்.

எபெட்ரின் என்ன செய்யும் என்பதை அமெரிக்கா பார்த்துவிட்டது. 1990-களில் அங்கே உடல் இளைக்கவும் தெம்பு ஏறவும் எபெட்ரா மாத்திரைகள் அமோகமாக விற்றன. 2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் 23 வயது பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் சுருண்டு விழுந்து இறந்தார். அவர் எபெட்ரா எடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்ததும் நாடே அதிர்ந்தது. 2004-ல் எபெட்ரின் வகைப் பொருள்கள் கொண்ட சத்து மாத்திரைகள் அங்கே தடை செய்யப்பட்டன. அந்த ஆணையில் எபெட்ரின் தரும் தாவரங்களில் ஒன்றாக, சீனத்து எபெட்ராவோடு நம்மூர் சிடா கார்டிஃபோலியாவின் பெயரும் இடம்பெற்றது. சந்திரகிரி வரப்புச் செடிக்கு வாஷிங்டனில் கிடைத்த மரியாதை. விளையாட்டு வீரர்களுக்கும் இது தேவையான சேதி: சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் எபெட்ரின் இருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் குற்றம்.

உலகம் இந்தச் செடிகளை நடத்தும் விதமே வேடிக்கை. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் அரிவாள்மணைப் பூண்டு மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் களை. அதைத் தின்று அழிக்க மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்து 1989-ல் அவிழ்த்துவிட்டார்கள். வண்டு வேலையைத் திறமையாகவே செய்தது. அதே ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு காலத்தில் சிடா ராம்பிஃபோலியாவை நார்ச் செடியாகப் பார்த்து, குவீன்ஸ்லாந்து சணல் என்றே அழைத்தார்கள். சணல் குடும்பத்தை இன்று இதே பெருங்குடும்பத்துக்குள் சேர்த்துவிட்ட தாவரவியலாருக்கு இதில் வியப்பு இருக்காது. காய்ந்த தண்டுகளைச் சேர்த்துக் கட்டித் துடைப்பமாக்குவது பல நாடுகளில் வழக்கம்.

நம் வீடுகளில் இந்தக் குடும்பத்தை இன்னும் சரியாக அடையாளம் தெரிந்து பயன்படுத்துவது துத்தி விஷயத்தில்தான். காரணம், அதை வேராக அல்ல, இலையாகப் பறிக்கிறார்கள். துத்தி இலையைப் பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் போட்டு வேகவைத்துக் கீரையாகச் சாப்பிடுவது மூலத்துக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முதல் வைத்தியம். இலையை விளக்கெண்ணெயில் வதக்கி இளஞ்சூட்டில் கட்டுவதும் உண்டு. கட்டி பழுக்கவும் அதே பக்குவம். மலச்சிக்கலை இளக்குவது இதன் கொழகொழப்பு. ஆய்வுக்கூட எலிகளில் துத்தி, நிலத்துத்திச் சாறுகள் வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாகக் கட்டுரைகள் நிறைய வந்துள்ளன. மனிதர்களிடம் முறையாகச் சோதித்தவை குறைவு. ரத்தம் போகும் மூலத்தைக் கீரையோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது. வேறு நோயும் அதே அறிகுறியைக் காட்டும்.

க்ஷீரபலா தைலம் தயாராகும் விதமே ஒரு தவம். பலா வேரைக் கஷாயமாக்கி, இன்னொரு பங்கை அரைத்துக் கல்கமாக்கி, நல்லெண்ணெயும் பசும்பாலும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். நீர்ப்பசை வற்றி எண்ணெய் தெளிந்ததும் இறக்கி வடிகட்டி, புதுக் கஷாயம், புதுக் கல்கம், புதுப் பாலோடு மறுபடியும் அதையே காய்ச்ச வேண்டும். இப்படி 101 முறை. புட்டியின் மேல் 101 என்று அச்சிட்டிருப்பது இந்த ஆவர்த்திக் கணக்கைத்தான். விறகும் பாலும் ஆள்கூலியும் இத்தனை செலவழித்துக் காய்ச்சும்போது, முதல் நாள் கொட்டிய சாக்கில் இருந்தது கொழிஞ்சி வேராக இருந்தால் 101 முறையும் அது கொழிஞ்சியாகவே காயும். காய்ச்சி முடித்த எண்ணெயில் மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடுவதால், அதன் பிறகு எந்தச் சோதனைக் கூடமும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. பிடிக்க வேண்டிய இடம் சாக்கை அவிழ்க்கும் இடம்தான்.

திருப்பதிக்கு இந்த விவகாரத்தில் ஒரு தனி இடம் உண்டு. 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைதான் அது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள பார்மசி கல்லூரி மாணவர்கள் மூலிகை ஆய்வுக்கு முன் செடியை எடுத்துக்கொண்டு அந்தத் துறைக்குப் போய் அடையாளச் சான்று பெற்றார்கள். இணையத்தில் கிடைக்கும் தென்னிந்திய மருந்தியல் கட்டுரைகளைப் புரட்டினால், செடியை இனங்கண்டு உறுதி செய்தவர் திருப்பதி பல்கலைக்கழகத்தின் கே. மாதவ செட்டி என்ற வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அவர் கே. சிவாஜி, கே. துளசி ராவ் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய ‘சித்தூர் மாவட்டத்தின் பூக்கும் தாவரங்கள்’ என்ற ஆங்கில நூல் 2008-ல் திருப்பதியில் ஒரு சாதாரண ஆஃப்செட் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. ஒரு மாவட்டத்துச் செடிகளைப் பற்றிய அந்த நூலை அதற்கு வெளியே எங்கெங்கோ உள்ள ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். கையில் வைத்துச் சரிபார்க்க அப்படி ஒரு நூல் பல மாவட்டங்களுக்கு இல்லை.

அதற்கு முன்பே, 1997-ல், திருப்பதியைச் சேர்ந்த ஹெர்பல் ஃபோக்லோர் ரிசர்ச் சென்டர் சித்தூர் மாவட்டப் பழங்குடி மருத்துவத்தை நூலாக்கியிருந்தது, எஸ். வேதவதியும் உடன் பணியாற்றியவர்களும் யானாதிகள் உள்ளிட்ட மக்களிடம் போய்க் கேட்டு எழுதியது. யானாதிகள் சேஷாசலம் காட்டையும் அதன் அடிவாரத்தையும் தலைமுறைகளாக அறிந்தவர்கள். இலையைப் பார்க்காமல், முகர்ந்து, மென்று பார்த்தே வேரைச் சொல்லக்கூடிய ஞானம் இப்படிப்பட்டவர்களிடம்தான் தங்கியிருக்கிறது. அந்த ஞானத்துக்குத் தனி விலை கிடையாது, கொடுப்பது எடைக்குத்தான்.

பல்கலைக்கழகச் சான்றிதழுக்கும் எல்லை உண்டு. பூவும் காயுமாக ஒரு கிளையை ஒடித்து, செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, அட்டையில் தைத்து, எந்த ஊர், என்ன தேதி, யார் பறித்தது என்று சீட்டு ஒட்டினால் அது ஆவணம். பல ஆண்டுகள் கழித்து ஒருவர் சந்தேகப்பட்டாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் சான்று கிடைப்பது அந்தக் கிளைக்கு. சோதனைக்கு வேண்டிய ஐந்து கிலோ வேரை மாணவர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் அந்த மூட்டைக்கு அல்ல. கிளை ஒரு செடியாகவும் மூட்டை வேறு செடியாகவும் இருந்தால், கட்டுரையில் அச்சாகும் முடிவு இல்லாத ஒரு செடியைப் பற்றியதாகிவிடும்.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்குத் திருப்பதியில் 1983 முதல் ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. சந்திரகிரி அருகே நரசிங்காபுரத்தில் மருந்து தயாரிப்புக் கூடமும் இருக்கிறது. சுற்றிலும் சேஷாசலம் மலை. 2010-ல் அது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செடி, கல்லூரி, தயாரிப்புக் கூடம், தாவரவியல் துறை எல்லாம் அரை மணி நேரப் பயண தூரத்துக்குள் அமைந்த ஊர் தென்னிந்தியாவில் அபூர்வம். வேரை இலையோடு பிடுங்கி, பச்சையாகவே கொண்டுவந்து, கண்ணால் பார்த்த பிறகு உலர்த்துவது என்ற எளிய ஏற்பாட்டுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

பயிரிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். விதையின் மேல்தோல் கெட்டியாக இருப்பதால் சாதாரணமாக விதைத்தால் முளைப்பு சீராக இராது. மணலோடு தேய்த்துச் சிராய்ப்பு உண்டாக்கியோ வெந்நீரில் நனைத்தோ விதைத்தால் நன்றாக வரும். வறட்சி தாங்கும், மண் பார்க்காது. பிரச்சினை வேறு. எந்த விவசாயி பக்கத்து வரப்பில் இலவசமாக முளைப்பதைத் தன் நிலத்தில் உழுது விதைப்பார்? வேர் என்று வருவதற்கெல்லாம் ஒரே விலை கிடைக்கும் வரை, அசல் வேர் விளைவிப்பவருக்கு அதில் லாபம் இல்லை. சாக்கின்மேல் செடியின் முழுப் பெயரும் பறித்த இடமும் எழுதி, அதற்குக் கூடுதல் விலை கொடுக்கும் கம்பெனிகள் வந்தால் நிலைமை மாறும்.

வாங்குகிறவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் சிற்றாமுட்டி என்று மட்டும் கேட்காமல், வைத்தியர் எழுதிக் கொடுத்த செடியின் தாவரவியல் பெயரையும் காட்டலாம். கூடுமானவரை இலை, காயோடு கூடிய முழுச் செடியாக வாங்கலாம். பத்துத் துண்டுக் காய் ஒன்று சாக்கின் அடியில் உதிர்ந்து கிடந்தாலே போதும், ஆளைச் சொல்லிவிடும். பொடியாக அரைத்து விற்பதைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதை உள்ளுக்குச் சாப்பிடும் முன் இரண்டு வைத்தியர்களிடமும், அதாவது ஆயுர்வேத வைத்தியரிடமும் வழக்கமாக மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடமும், கேட்டுக்கொள்வது அவசியம்.

தை மாதம் பிறந்தால் சந்திரகிரிக் கோட்டையைச் சுற்றிய நிலத்துத்திகள் காய்ந்து பழுப்பாகிவிடும். காய் வெடித்துத் துண்டுகள் பிரியும். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள இரண்டு கொம்புகளில் பின்னோக்கி வளைந்த மென்மயிர்கள் இருப்பதால், உரசிப் போகும் எதிலும் அவை ஒட்டிக்கொள்ளும். வேட்டி விளிம்பில், ஆட்டின் ரோமத்தில், லாரியில் ஏற்றும் வைக்கோலில். நகரி தாண்டித் திருத்தணிப் பக்கம் மேய்ச்சலுக்குப் போகும் மந்தையோடு சில விதைகள் எல்லையைக் கடக்கும். சிருபெண்டவாகப் புறப்பட்டது, உதிரும் இடத்தில் நிலத்துத்தியாக முளைக்கும்.